இரண்டாம் மாடியில் இருக்கிறது வானம்

வானம் கடவுளுடையது என்று நம்புகிறவர்கள் ஒருமுறை அம்மான் நகருக்கு வந்து எங்கள் விமானப் போக்குவரத்து அலுவலகத்தின் இரண்டாம் மாடியைப் பார்க்க வேண்டும். எந்த நாட்டு விமானம் எங்கே இறங்கலாம், யாரை ஏற்றலாம் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது; அதாவது, முடிவாகாமல் இருக்கிறது. மனிதன் ஒரு சுதந்திரத்துக்கே பாடாய்ப் படுகிறான். விமானத்துக்கோ அடுத்த நாட்டு வானில் பறக்க, இறங்க, ஆள் ஏற்ற என்று ஒன்பது வகைச் சுதந்திரம். அவை கண்டவர் கையில் சிக்காமல் காப்பதே எங்கள் புனிதப் பணி.

மொராக்கோவுக்கு நேர் விமானம் விடும் பேச்சு வருடக்கணக்காக நடந்தது. அதில் நான் கண்ணாக இருந்ததற்குக் காரணம் தேசபக்தி மட்டுமல்ல. நான் கட்டிக்கொள்ளப்போகும் கிஸ்லான் காசாபிளாங்காவில் இருந்தாள்.

பேச்சுவார்த்தைக்கு மொராக்கோ குழுவின் தலைவர் பென்னானி வந்தார். எங்கள் தலைவர் ஃபவ்வாஸ் பாஷா ஏலக்காய் மணக்கும் கசப்புக் காபியைத் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார். சர்க்கரையில் ஊறிய புதினா டீ குடித்தே வளர்ந்த பென்னானி, ஒருமுறை முகர்ந்துவிட்டுக் கீழே வைத்தார். எங்கள் முகத்தில் ஈயாடவில்லை. எங்களிடம் விருந்தாளி காபியைக் குடிக்காமல் வைத்தால், ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று பொருள். கொடுக்காவிட்டால் மானம் போயிற்று.

"குடிங்க! கேட்டது கொடுத்தாச்சு!" என்றார் பாஷா.

"எதை?"

"எதை வேணும்னாலும்!"

பென்னானி ஒன்பதையும் கேட்டார். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். அன்றே கிஸ்லான் வீட்டில் கல்யாணத்துக்கு நாள் குறிக்கச் சொல்லிவிட்டேன்.

ஆனால் 'சமநிலை' என்று ஒன்று இருக்கிறதே! அவர்களிடமிருந்தும் ஒன்பதை வாங்கிய பிறகே கையெழுத்து என்றார் பாஷா. சரியாக என் கல்யாண வாரத்தில் பாஷா தலைமையில் பதினான்கு பேர் தூதுக்குழு மொராக்கோவுக்குக் கிளம்பியது. இஸ்தான்புல் சுற்றிப் போகும் விமானத்தில் மிச்சமிருந்த இடங்களைத் 'தேச நலன்' கருதி அவர்களே எடுத்துக்கொண்டார்கள், என் இடம் உட்பட.

அங்கிருந்து பாஷா போன் செய்தார்.

"டீயத் தொடாம கீழ வெச்சேண்டா, ரக்கான். இனிப்பு பத்தலைன்னு நெனச்சு பென்னானி ரெண்டு கட்டி சர்க்கரை போட்டாரு. மறுபடியும் தொடல. இன்னும் ரெண்டு! இப்ப அது டீயே இல்லடா, பாகு."

"வாயத் தொறந்து கேளுங்களேன், பாஷா!"

"கேட்டா மானம் என்னாகுறது?"

"நாளைக்கு எனக்குக் கல்யாணம், பாஷா."

"அதுக்கென்ன, நான் இருக்கேன்ல? முழு அதிகாரத்தோட வந்திருக்கேன்."

மறுநாள் படம் வந்தது. மாப்பிள்ளை நாற்காலியில் பாஷா, இரு பக்கமும் தூதுக்குழு, ஓரத்தில் அழுது சிவந்த கண்களோடு கிஸ்லான்.

"விருந்து பிரமாதம்டா!" என்றார் பாஷா போனில். "ஆனா பொண்ணு அழுதுச்சு பாரு, எனக்கே மனசு கேக்கல. மாப்பிள்ளை வர்றதுக்கு ஒரு நேர் விமானம்கூட விடாத பசங்க யாருடா? முகவரி சொல்லு, கண்டிச்சு ஒரு கடிதம் போட்டுடறேன்."

எங்கள் இரண்டாம் மாடியின் முகவரியைச் சொன்னேன். ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார்.