வலிக்காத முழங்கால்

"இருபத்தாறு வருஷமா உங்க முதுகைப் பார்த்துக்கிட்டேதான் நடக்கறேன். முகமே மறந்துபோச்சு. நாளைக்கு நீங்க கூட்டத்துல தொலைஞ்சா, 'கொஞ்சம் திரும்பி நிக்கச் சொல்லுங்க, அடையாளம் காட்டறேன்'னுதான் போலீஸ்ல சொல்லணும்!"

விடுதி வாசலில், விடிந்தும் விடியாததுமாக, செருப்பு வாரை இழுத்து மாட்டியபடி மனைவி சொன்னாள்.

"என் நடை அப்படி. பஸ் டிப்போவுல டைம்கீப்பர்னா சும்மாவா?"

"நான் பஸ் இல்லை."

அவள் என்ன நகையா கேட்டாள், நட்டா கேட்டாள்? வயல், வாழைத்தோப்பு, பழைய கிராமங்கள் என்று வழிகாட்டியோடு நாலு மணி நேர நடை. அதில் நாலு அடியாவது இவர் பக்கத்தில் நடந்து வர வேண்டும். அவ்வளவுதான். டைம்கீப்பருக்கோ உயிரெல்லாம் விடுதிக் கட்டிலில். எட்டு மணிக்குள் திரும்பிவிட்டால் ஒரு குட்டித் தூக்கம் போடலாம்.

உடனே ஒரு திட்டம் உதித்தது. அவருடைய திட்டங்கள் எல்லாம் கடைசியில் போய் நிற்கும் இடம் ஒன்றே: மனைவியின் முழங்கால். கல்யாண வீட்டிலிருந்து சீக்கிரம் கிளம்ப வேண்டுமா? "அவளுக்கு முழங்கால் வலி." பாவம் அந்த முழங்கால். ஒரு நாளும் வலித்ததில்லை, கெட்ட பேர் மட்டும் வாங்கிக்கொண்டது.

வழிகாட்டிப் பெண் ரப்பர் பூட்ஸும் இடுப்பில் அரிவாளுமாக வந்து நின்றாள். டைம்கீப்பர் அவளைத் தனியே அழைத்தார்.

"அம்மாவுக்கு முழங்கால் வலி. வெளியில சொல்ல மாட்டா. குறுக்கு வழியா சுத்திட்டுச் சீக்கிரம் திரும்பிடலாமே?"

"அடடா," என்றாள் அவள். "குறுக்கு வழி கிடையாதுங்க. ஆனா எங்க வழக்கம் ஒண்ணு இருக்கு. முடியாதவங்க முன்னாடி போகணும். அவங்களை யாரும் தாண்டக் கூடாது."

வரப்பு ஒரு முழ அகலம். இரண்டு பக்கமும் சேறு. தாண்டுவதாவது! முன்னால் மனைவி, நடுவில் வழிகாட்டி, கடைசியில் டைம்கீப்பர்.

'முடியாதவள்' செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். எடுத்தாள் பாருங்கள் ஓட்டம்! வாழைத்தோப்பு போயிற்று. மிளகுக்கொடி போயிற்று. மூங்கில் வீடுகளின் முற்றத்தில் பாய் பின்னுகிறவர்களோடு நின்று பேசினாள். இவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரவும் கிளம்பிவிட்டாள். அங்கிருந்து, திரும்பாமலே, காற்றில் வீசினாள்: "வர்றீங்களா?"

அது அவருடைய வசனம். இருபத்தாறு வருஷமாக அவர் திரும்பாமல் வீசிய வசனம்.

அப்போதுதான் அவர் பார்த்தார். அவள் பிடரியில் நரை விழுந்திருந்தது. எப்போது விழுந்தது? நடக்கும்போது அவள் ஏதோ ராகம் முணுமுணுக்கிறாள். எத்தனை வருஷமாக? வழிகாட்டியிடம் எதையோ சொல்லித் தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க அவர் மனசு தவித்த தவிப்பு இருக்கிறதே, கட்டிலுக்குக்கூட அப்படித் தவித்ததில்லை.

மறுபடியும் வரப்பு. எட்டி நடந்தார். கால் வழுக்கி, முழங்கால் வரை சேற்றில் இறங்கியது. 'சுரீர்' என்றது. நிஜமாகவே வலி.

வழிகாட்டி ஓடி வந்து கை கொடுத்தாள். "பார்த்து வாங்க ஐயா. அக்கா நேத்து நடைக்குப் பேர் குடுக்க வந்தப்பவே சொல்லிட்டாங்க."

"என்ன சொன்னா?"

"'காலையில எங்க வீட்டுக்காரர் உன்னைத் தனியா கூப்பிட்டு, எனக்கு முழங்கால் வலின்னு சொல்லுவார். நீ நம்பின மாதிரியே என்னை முன்னாடி விட்டுடு'ன்னாங்க."

சொல்லிவிட்டு அவளும் அக்காவைப் பிடிக்க ஓடினாள்.

டைம்கீப்பர் வரப்பில் ஒற்றைக் காலில் நின்றார். தூரத்தில் அந்த முதுகு வயலின் பச்சைக்குள் சின்னதாகிக்கொண்டே போனது.

"இந்தா... உன்னைத்தான்!"

ஒரு கொக்கு மட்டும் திரும்பிப் பார்த்தது.

"நிஜமாவே முழங்கால் வலிக்குதும்மா... கொஞ்சம் நில்லேன், சேர்ந்து நடக்கலாம்!"