ஆற்றுக்கு அக்கரையில் நான் வைத்த கல்யாண மண்டபம்

தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து இடுப்பில் கட்டிய ஒரே ஒரு சாரத்தோடு கண்டிக்கு வந்தவன் நான். (ரெண்டு சாரம் என்று என் மனைவி சரோஜா சொல்வாள். ஒன்று கிழிந்தது, அதைச் சேர்க்கக்கூடாது.) ஐந்தாம் வகுப்புக்கு மேல் எந்தப் பள்ளிக்கூடமும் என்னைப் பார்த்ததில்லை. லொறியில் கிளீனராக ஏறினேன், டிரைவராக இறங்கினேன், பிறகு லொறியே என்னுடையதானது. தென்னக்கும்புர பாலத்துக்குக் கண்டிப் பக்கத்தில், ஒரு தகரக் கொட்டிலில் ஆணி விற்கத் தொடங்கினேன். அது மண் சரிகிற இடம், அங்கே மாடி நிற்காது என்று படித்த எஞ்சினியர் ஒருவர் சொன்னார். மூன்று மாடி ஹார்ட்வெயார் கடை கட்டினேன். நிற்கிறது. எஞ்சினியரும் அங்கேதான் பெயின்ட் வாங்குகிறார். சொந்த வீடு கட்டினேன், கோயிலுக்கு மதில் கட்டினேன், பிள்ளைகளை யூனிவர்சிட்டி வரை ஏற்றிவிட்டேன்.

இத்தனையையும் வைக்க வேண்டிய இடத்தில் வைத்த நான், ஒரே ஒரு கட்டடத்தை மட்டும் தூக்கி மகாவலி ஆற்றுக்கு அக்கரையில் வைத்துவிட்டேன். அது என் மகள் வாணியின் கல்யாண மண்டபம். வைத்தது ஒரு காகிதத்தில்தான். ஆனால் அந்தக் காகிதத்தை நம்பித்தான் மாப்பிள்ளையும் தாலியும் வர வேண்டியிருந்தது.

வாணி கொழும்பில் ஒரு கம்பனியில் மேப் போடுகிறாள் என்றுதான் நான் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் திருத்துவாள். "போடுறது கம்பியூட்டர்ப்பா. எப்படிப் போடணும்னு அதுக்குச் சொல்லிக் குடுக்கிறதுதான் என் வேலை."

ஒருநாள் விளக்கமாகவே சொன்னாள். ஊர் முழுக்க உள்ள பெரிய மேப்பை அப்படியே உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினால் எறும்புப் புற்று மாதிரி ஆகிவிடுமாம், ஒன்றும் வாசிக்க முடியாதாம். அதனால் எதை விடுவது, எதை வைப்பது, எந்த வளைவை நேராக்குவது, ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் எதை ஒதுக்கித் தள்ளுவது என்பதையெல்லாம் அவளுடைய ப்ரோகிராமே தானாக முடிவு செய்யுமாம்.

"இது லோட் ஏத்துற வேலைதானே!" என்றேன். "தண்ணி டேங்க்க நடுவுல வச்சா டைல்ஸ் பெட்டி ஓரத்துக்குப் போகும். நான் முப்பது வருஷமா பண்றேன்."

"கிட்டத்தட்ட அதேதான்ப்பா," என்றாள். (இந்த 'கிட்டத்தட்ட'வை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.)

மாப்பிள்ளை தினேஷ் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹுன்னஸ்கிரியவில்; அங்கிருந்து வந்தால் பாலம் தாண்ட வேண்டும். மண்டபம் என் கடைக்கு அடுத்த கட்டடம், பின்பக்கம் ஆறு. (அந்த மண்டபத்து டைல்ஸ் அத்தனையும் என் கடைச் சரக்கு.) எங்கள் ஆட்களுக்கு வழி சொல்லத் தேவையில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் தனியாக ஒரு மேப் அச்சடித்து, தாம்பூலத் தட்டில் வைத்து நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வாணியும் லெப்டொப்பில் போட்டுக் காட்டினாள். அழகாகத்தான் இருந்தது. பாலம், கோயில், ஓட்டோ ஸ்டாண்ட், மண்டபம்.

"நம்ம கடை எங்க?"

காட்டினாள். ஒரு கடுகு.

ஓரத்தில் ஒரு பட்டியல் இருந்தது. ஒவ்வோர் இடமும் எவ்வளவு முக்கியம் என்று பத்துக்கு இத்தனை மார்க். மண்டபம் ஒன்பது, பாலம் எட்டு, கோயில் ஆறு. நம்ம கடை ரெண்டு. என் வாழ்க்கை முழுவதற்கும் பத்துக்கு ரெண்டு! பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு இதைவிட நல்ல மார்க் விழுந்திருக்கிறது.

"கல்யாணத்துக்கு வாறவங்க ஆணி வாங்கவாப்பா வாறாங்க?" என்று கேட்டுவிட்டு, கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுக்கத் தாயோடு டெய்லர் கடைக்குக் கிளம்பினாள். வாசலிலிருந்து திரும்பி, "எதையும் தொடாதீங்கப்பா," என்றாள்.

தொட்டேன்.

ரெண்டை அழித்துவிட்டுப் பத்து என்று போட்டேன். மேப் முழுக்க ஒரு நடுக்கம் நடுங்கி, கதிரை மாற்றி உட்காருகிற விளையாட்டு மாதிரி எல்லாம் இடம் மாறி உட்கார்ந்தன. என் கடை கட்டைவிரல் அளவுக்கு வளர்ந்தது, பெயரோடு. ஓட்டோ ஸ்டாண்ட் காணாமல் போனது. கோயில் கொஞ்சம் நகர்ந்தது. மண்டபம் மரியாதையாக ஒதுங்கி நின்றது. முதலாளிக்கு வழி விடுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒதுங்கியது எங்கே என்று பார்த்திருக்கலாம். ஒரு நீலக் கோடு இருந்தது, அதற்கு அந்தப் பக்கம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நான் என் கடையை மட்டும்தான் பார்த்தேன். அச்சடித்து வந்த பிறகும் அதையேதான் பார்த்தேன். ஹுன்னஸ்கிரியவில் சம்பந்தி ராமையா கையில் கொடுத்தபோதும் என் விரல் கடை மேல்தான் இருந்தது.

"சம்பந்தி, போனை நம்பாதீங்க. அது கண்ட தேயிலை மலைக்கெல்லாம் கூட்டிட்டுப் போகும். இத நம்புங்க. என் மக செஞ்சது, நான் பார்த்துச் சரி பண்ணினது."

ராமையா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். மரியாதை தெரிந்த மனுஷன். மேப்பை ரெண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வந்த வினை அதுதான்.

கல்யாணத்தன்று முகூர்த்தம் ஒன்பது நாற்பதிலிருந்து பத்து ஐம்பது வரை. மாப்பிள்ளை வீட்டார் எட்டு மணிக்கு வர வேண்டும். எட்டரைக்கும் வரவில்லை. போன் எடுத்தேன்.

"கிட்ட வந்துட்டோம் சம்பந்தி," என்றார் ராமையா உற்சாகமாக. "ஆத்தங்கரை ரோட்டுல எறங்கிட்டோம்."

வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். ஒன்பது மணி. தட்டு கை மாறியது. மறுபடி போன்.

"எங்க இருக்கீங்க? வாசலுக்கு வந்துட்டீங்களா?"

"வாசலத்தான் தேடுறோம். இங்க ஒரு மாட்டுக்கொட்டில் இருக்கு."

"மாட்டுக்கொட்டிலா? மேப்ப பாருங்க சம்பந்தி!"

"மேப்பத்தான் பார்த்துக்கிட்டே வாறோம். மேப்புல மாட்டுக்கொட்டில் இல்ல."

"அப்ப நேரா வாங்க! மேப்ப விட்டு விலகாதீங்க!"

சொன்னது நான். கேட்டார்கள், விலகவில்லை. ஒன்பது இருபதுக்கு அவரே எடுத்தார். குரலில் சந்தோஷம்.

"மேளச் சத்தம் கேக்குது சம்பந்தி! பக்கத்துலதான் இருக்கோம்!"

வாசலுக்கு ஓடினேன். ரோட்டில் ஒரு நாய் படுத்திருந்தது. பஸ் இல்லை. மேளக்காரரை நிறுத்தச் சொன்னேன்.

"இப்ப கேக்குதா?"

"நின்னு போச்சே!"

"திரும்ப வாசிங்க!"

"இப்ப கேக்குது!"

ஆகவே அது எங்கள் மேளம்தான். எங்கள் மேளம் காதில் விழுகிற தூரத்தில் ஒரு பஸ் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் கண்ணில் படவில்லை. ஐயர் என்னைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

சரோஜா வந்து கையைப் பிடித்தாள். "என்னங்க, உங்க முகம் ஏன் இப்படி இருக்கு?"

"வெயில்."

"மண்டபத்துக்குள்ளயா?"

வேறு வழியில்லை. மணப்பெண் அறைக்குப் போனேன். வாணி தலை நிறையப் பூவோடு கதிரையில் இருந்தாள். சம்பந்தியிடம் கேட்டு வாட்ஸ்அப்பில் வாங்கிய மேப் படத்தை நீட்டினேன். ஒரு நொடிதான் பார்த்தாள்.

"அப்பா, கடைக்கு எத்தனை போட்டீங்க?"

"எதுக்கு?"

"எத்தனை?"

"பத்து."

கண்ணை மூடினாள். மை கலையக்கூடாது என்று அழாமல் இருந்தாளா, சிரிக்காமல் இருந்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "பெருசா ஒண்ணு வந்தா, பக்கத்துல இருக்கிறத காலியா கிடக்கிற பக்கமா தள்ளும்ப்பா. அந்தக் கரையில வயல விட்டா ஒண்ணுமில்ல. போய் மண்டபத்துப் பின்கதவத் திறந்து பாருங்க."

சமையல்கட்டு வழியாக ஓடினேன். கதவைத் திறந்தேன்.

மகாவலி போய்க்கொண்டிருந்தது. மழைக்காலத் தண்ணீர், பால் தேத்தண்ணி நிறம். அந்தக் கரையில், எனக்கு நேர் எதிரே, ஒரு பஸ். பட்டுச்சேலை கட்டிய பெண்கள் சீர்த்தட்டுகளோடு வரப்பில் வரிசையாக நின்றார்கள். மாலையும் தலைப்பாகையுமாகத் தினேஷ். ஒரு மாடு. ராமையா என்னைக் கண்டுகொண்டு சந்தோஷமாகக் கையை ஆட்டினார்.

நானும் ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

மணி ஒன்பது நாற்பத்தைந்து. பஸ்ஸைத் திருப்பிப் பாலம் வழியாக வரச் சொன்னால், திரும்பாதாம். மேப்பில் எல்லா ரோட்டையும் ஒரே தடிப்பில் போட்டிருந்ததால், ஓட்டோ போகிற வயல் பாதையும் மகியங்கனை மெயின் ரோடு மாதிரியே தெரிந்திருக்கிறது. உள்ளே நுழைந்த பஸ் போத்தலில் தக்கை மாதிரி இறுகிவிட்டது.

என் லொறி கடை வாசலில் நின்றது. திகனைக்குப் போக வேண்டிய தண்ணி டேங்க் ஆறு ஏற்றியபடி. இறக்க நேரமில்லை. வேட்டியை மடித்துக் கட்டி ஏறினேன். பின்னால் சரோஜாவின் குரல்: "தாரை வார்க்க அப்பா வேணும்! நீங்க எங்க போறீங்க?" ஆக, மாப்பிள்ளை ஒரு கரையில், பெண் ஒரு கரையில், பெண்ணின் தகப்பன் ரெண்டுக்கும் நடுவில். பாலத்தில் வாகன நெரிசல். எனக்கு முன்னால் ஒரு டிராக்டர், செங்கல் ஏற்றிக்கொண்டு, உலகத்தில் அவசரம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போனது. ஹோர்னில் வைத்த கையை எடுக்கவில்லை. கடைசியில் ஹோர்னே தொண்டை கட்டிப்போய்விட்டது.

வயல் பாதையில் லொறியைப் பின்பக்கமாகவே விட்டேன், போனால் திரும்ப முடியாது என்று தெரியும். (அந்தப் பாதையில் ரிவர்ஸில் லொறி விட கண்டியில் வேறு ஆள் கிடையாது. கேட்டுப் பாருங்கள்.) தாலித் தட்டோடு சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் முன் சீட்டில். ராமையா பின்னால், ரெண்டு டேங்குக்கு நடுவில், மேப்பைக் கையில் பிடித்தபடி. மற்றவர்களை ஓட்டோக்களில் வரச் சொன்னேன்.

பத்து பதினைந்து. பாலத்தில் மறுபடி வரிசை. தினேஷ் மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"மாமா, ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க தம்பி."

"மண்டபம் கண்டிப் பக்கம்னு எனக்குத் தெரியும். வாணி போனவாரமே இடத்த போன்ல அனுப்பியிருந்தா. டிரைவர் அண்ணனும் நாலு கல்யாணத்துக்கு வந்த இடம்னு சொன்னாரு."

பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் டேங்குகள் உறுமின. "அப்புறம் ஏன்யா வயலுக்குள்ள போனீங்க?"

"அப்பாதான். பொண்ணோட அப்பா தட்டுல வச்சுக் குடுத்த மேப்ப விட்டுட்டு, போன் பேச்ச கேட்டா அவருக்கு மரியாதையா இருக்காதுன்னாரு. மாட்டுக்கொட்டில் வந்தப்பவும் கேட்டேன். 'சம்பந்தி ஏதோ காரணத்தோடதான் போட்டிருப்பாரு'ன்னாரு."

சம்பந்தியம்மா தாலித் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நாங்க குறுக்கு வழின்னு நெனச்சோம்," என்று சமாளித்தார்.

ஒரு பஸ் நிறைய ஆட்கள், தப்பான வழி என்று தெரிந்தே, என் முகத்துக்காக வயலுக்குள் இறங்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பாலத்தில் குறுக்கே வந்த ஓட்டோவுக்குக்கூட நானே வழி விட்டேன். (என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.)

பத்து நாற்பத்தொன்றுக்கு லொறி மண்டப வாசலில் நின்றது. ஆரத்தி எடுத்தவர்கள் மாப்பிள்ளைக்கும் லொறிக்கும் சேர்த்தே எடுத்தார்கள். வேட்டியில் கிரீஸோடு தாரை வார்த்தேன். ஐயர் மந்திரத்தை எந்த வேகத்தில் சொன்னார் என்று கேட்காதீர்கள். பத்து நாற்பத்தெட்டுக்குத் தாலி ஏறியது. மேளம் கொட்டியபோது அக்கரையிலிருந்தும் கைதட்டல் கேட்டது. ஓட்டோ கிடைக்காத பத்துப் பேர் வரப்பில் நின்றபடியே கல்யாணத்தை முடித்துக்கொண்டார்கள். போட்டோ அல்பத்தில் தாரை வார்க்கிற என் கையில் மூன்று விரல் கறுப்பு. சரோஜா அந்தப் படத்தைத்தான் வீட்டு ஹோலில் மாட்டியிருக்கிறாள்.

இன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் நான் வந்து உட்கார்ந்தால் தினேஷ் தன் கதிரையைத் தள்ளிக்கொண்டே சொல்வான்: "மாமா பத்து மார்க்ல வாறாரு. எல்லாரும் ஆத்த தாண்டி உட்காருங்க." சம்பந்தி மட்டும் சிரிக்க மாட்டார். மரியாதை. ஆனால் தோள் குலுங்கும்.

இது இதோடு முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். போன மாதம் வாணி ஒரு பெரிய கூட்டத்தில் பேசப் போகிறேன் என்று வீட்டில் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ப்ரோகிராமில் இப்போது ஒரு சட்டம் இருக்கிறதாம்: எவ்வளவு பெரிய பொருள் வந்து இடித்தாலும், எந்தக் கட்டடத்தையும் ஆற்றைத் தாண்டித் தள்ளக் கூடாது. வேறு நாட்டு மேப்காரர்கள்கூட அதைக் கேட்டு வாங்கியிருக்கிறார்களாம். திரையில் என் மேப்பையே போட்டிருந்தாள், கட்டைவிரல் கடையோடு. கீழே எழுதியிருந்தது: "ஒரு பயனர் மதிப்பை மாற்றியதால் ஏற்பட்ட பிழை."

ஒரு பயனர்!

ஆகவே இதன் மூலம் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்து போடாவிட்டால் அந்தச் சட்டம் பிறந்திருக்காது. கம்பனியில் இருக்கிற அத்தனை படித்தவர்களும் சேர்ந்து கண்டுபிடிக்காத ஓட்டையை ஐந்தாம் வகுப்புக்காரன் ஒரே பகல் பொழுதில் கண்டுபிடித்திருக்கிறேன். 'ஒரு பயனர்' என்பதை எடுத்துவிட்டு என் பெயரையும் கடைப் பெயரையும் அங்கே போட வேண்டும். பெரிய எழுத்தில். பக்கத்தில் இருக்கிறது எது நகர்ந்தாலும் பரவாயில்லை.