ஹாஜியாரை நடக்க வைத்த லட்சணம்

எனக்குத் திசை என்பது சிறு வயதிலிருந்தே பிடிபடாத சமாச்சாரம். இதை மறைத்துத்தான் பாலாவிக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஞாபகம் தப்பியவர்களை விழாமல் நடக்க வைப்பது என் வேலை. (நடக்கத்தானே, இதற்கு ஏன் சம்பளம் தருகிறார்கள் என்றுகூட யோசித்தேன்.)

இல்லத்துக்குப் பொறுப்பான மிஸ் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஹாஜியார் எழும்பினா இழுக்க வாணாம், மறிக்க வாணாம். பக்கத்துல நடந்து, கதை குடுத்து, மெதுவாத் திருப்புங்க. இன்னொருக்கா உழுந்தா அவர் எழும்ப மாட்டார். நீங்களும் ஊட்டுக்குத்தான்."

ஹாஜியார் என் கவனிப்பில் விடப்பட்ட முதியவர், தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர். பெற்ற மகனின் பெயரே மறந்துவிட்டது. பள்ளிவாசலில் பாங்கு கேட்டால் மட்டும் தொழப் போகச் செருப்பைத் தேடுவார்.

ஒரு நாள் பிற்பகல், அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. எழும்பினார். இல்லத்திலேயே இருந்த தொழுகை அறைக்கு அவரைத் திருப்பியிருக்க வேண்டும். நானோ இழுக்கக் கூடாது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். பாண் ரொட்டி விற்க வந்தவருக்காகத் திறந்த கேற் வழியே வெளியே வந்துவிட்டோம். பாதி வழியில் இன்னொரு பள்ளியில் பாங்கு. அவர் திரும்பினார், நானும் திரும்பினேன். பிறகு வேறு பக்கத்தில் மூன்றாவது. (எங்கள் பக்கம் பள்ளிகளுக்குக் குறைவில்லை, மணிக்கூடுகள்தான் ஒத்துப்போவதில்லை.) எல்லாம் ஓய்ந்தபோது உப்புப் பாத்தி வரம்பில் நின்றோம். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே பாத்தி.

"ஹாஜியார், நாம எங்க நிக்கிறோம்?"

"உங்களுக்குத் தெரியாதா தம்பி?"

"தெரியல்ல."

என்னைப் பார்த்து மிகவும் இரக்கப்பட்டார். "பயப்பட வாணாம். வரம்பு வழுக்கும், என்ட கையப் புடிங்க." அவரைத் தாங்கக் கை நீட்டிய நான்தான் வழுக்கிப் பாத்திக்குள் விழுந்தேன். அவர் அசையாமல் நின்றார்.

ரோட்டிலிருந்து கண்டு எங்களை ஏற்றி வந்த முச்சக்கர வண்டிக்காரர், ஹாஜியாரின் கசங்காத வெள்ளைச் சாரத்தையும், ஒற்றைச் செருப்போடு சேறு வடிய நின்ற என்னையும் பார்த்துத் தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கேற்றடியில் மிஸ்ஸிடம் சொன்னார்: "இந்தத் தம்பி வழி மாறிட்டார் போல. ஹாஜியார்தான் கண்டுபுடிச்சிக் கூட்டி வந்தார். பாவம், இந்த வயசுலயே!"

மிஸ் ஹாஜியாரின் கால்களைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. "நாளைக்கு வாங்க, யோசிச்சிச் சொல்றேன்" என்று மட்டும் என்னிடம் சொன்னார். எனக்கு அழுகையே வந்தது.

மறுநாள் அஸர் பாங்கு கேட்டதும் ஹாஜியார் எழும்பினார். கேற் பக்கம் போகவில்லை. நேரே வந்து என் கையைப் பிடித்தார். "வாங்க தம்பி, தனியப் போகாதீங்க" என்று தொழுகை அறைக்கு என்னைப் பத்திரமாக நடத்திப் போனார். அதற்குப் பிறகு அவர் கேற்றைத் தாண்டவே இல்லை. என் வேலையும் தப்பியது.

இப்போது நான் சந்தியில் கதைத்து நின்று கொஞ்சம் பிந்தினாலும் மனைவி போனில் கேட்பாள்: "ஹாஜியார்ட சொல்லாமயா வெளிய போனீங்க?"