சராசரியை நீக்கிய துறை

மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: புள்ளியியல் துறையின் ஆய்வு மாணவர்கள் தத்தம் கல்விப் பின்னணியையும் ஆய்வு ஆர்வத்தையும் இணையப் பக்கத்துக்கு உடனே எழுதித் தர வேண்டும். உலகம் காத்திருக்கிறதாம்.

அந்தத் துறையில் 'சராசரி' என்று ஒருவன். உயரம், மதிப்பெண், முடி கொட்டும் வேகம் எல்லாமே நடுத்தரம் என்பதால் அக்கா வைத்த பெயர். அவன் யோசிக்காமல் உண்மையை எழுதிவிட்டான். இளங்கலை புள்ளியியல், முதுகலை புள்ளியியல், ஆர்வமும் புள்ளியியல். குறிப்பாக, கூட்டத்தோடு ஒட்டாத எண்ணைக் கண்டுபிடித்து நீக்கும் முறை. அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு. தேறினால் முனைவர். அக்கா வீட்டு ஹாலில் வருடக்கணக்காகப் படுத்துக் கிடப்பதற்கு ஒரு மரியாதையான முடிவு.

அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மாள் அவனைக் கூப்பிட்டார்.

"தம்பி, மத்தவங்க எல்லாரும் செயற்கை நுண்ணறிவுன்னு எழுதியிருக்காங்க. நீங்க மட்டும் புள்ளியியல்னு எழுதியிருக்கீங்களே?"

"இது புள்ளியியல் துறைதானே மேடம்?"

"அதான் வாசல் போர்டுல இருக்கே. நீங்க வேற எதுக்கு எழுதணும்?"

விவகாரம் துறைத்தலைவரிடம் போனது. அவர் சராசரியின் ஆய்வேட்டை முதன்முறையாகத் திறந்து படித்தார். முகம் மலர்ந்தது.

"பிரமாதமான முறைப்பா. போட்டுப் பார்த்ததுமே உன்னைக் கண்டுபிடிச்சிடுச்சு."

"சார், அது எண்களுக்கு."

"உனக்கும் பதிவு எண் இருக்குல்ல?"

அன்று மாலையே 'ஆராய்ச்சியின் நலன் கருதி' அவன் நாற்காலி மாடிப்படிக்கு அடியில் போடப்பட்டது.

"எதுலயும் தனியா தெரியாதவன், இதுலயாவது தெரிஞ்சியே," என்றாள் அக்கா. "அப்போ ஹால் இப்போதைக்குக் காலியாகாது."

வயிற்றெரிச்சல் தாங்காமல் மறுநாள் அவன் தலைவரிடம் போனான். "சார், மூணாவது அத்தியாயத்தையும் படிங்க. ஒருத்தரை நீக்கினா, மிச்சம் இருக்கறவங்களை வெச்சு மறுபடி பார்க்கணும்."

நியாயம்தானே. மறுபடி பார்த்தார்கள். புள்ளியியலில் முதல் மதிப்பெண் வாங்கிய பெண் மாட்டினாள். அவளை நீக்கியதும், புகைப்படத்தில் சிரித்திருந்தவன். அவன் போனதும், நேரத்தோடு வருகிறவன். மாணவர்கள் தீர்ந்ததும் பேராசிரியர்கள். கடைசியில் தலைவர் மட்டும் மிஞ்சினார். அவருக்கும் அவருக்கும் இடையே கருத்து வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. 'முழு ஒருமைப்பாடு எய்திய துறை' என்று மேலிடம் விருது அறிவித்தது.

விருதுப் படத்தில் பின்னால் நிற்க ஒரு மாணவன் வேண்டுமே? மாடிப்படிக்கு அடியிலிருந்து சராசரியைக் கூட்டிவந்தார்கள்.

"ஆர்வத்தை மட்டும் மாத்தி எழுதிடு," என்றார் தலைவர். "உனக்குத் தங்கப் பதக்கம். இப்போ துறையில முதல் மாணவன் நீதான்."

"கடைசி மாணவனும் நான்தான் சார்."

"அதையெல்லாம் பதக்கத்துல பொறிக்க மாட்டாங்க. தேர்வு நடத்தத்தான் பேராசிரியர் யாருமில்ல. புது வருஷம் ஆளுங்க வரட்டும்."

அவன் செயற்கை நுண்ணறிவு என்று எழுதினான்.

புது வருடம் புதுப் பேராசிரியர்களும் மாணவர்களும் வந்தார்கள். தேர்வுக்கு நாளும் குறித்தாயிற்று. புது மாணவர்கள் விவரமானவர்கள். தங்கப் பதக்கம் வாங்கியவன் முதன்முதலில் என்ன எழுதினான் என்று விசாரித்து, அத்தனை பேரும் அதையே எழுதிக் கொடுத்தார்கள்: புள்ளியியல்.

தேர்வன்று, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தவனைக் கண்காணிப்பாளர் அம்மாள் வாசலிலேயே நிறுத்தினார்.

"தம்பி, மத்தவங்க எல்லாரும் புள்ளியியல்னு எழுதியிருக்காங்க..."

சராசரி தன் நாற்காலியைத் தானே தூக்கிப் போய், பின்னால் வரப்போகிறவர்களுக்கு இடம் விட்டு, மாடிப்படிக்கு அடியில் ஓரமாகப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.