புறா இருக்க வேண்டிய மடி

மோந்த்ரோல், 12 ஜூலை 1908

அன்புள்ள கிளெமான்ஸ் அத்தைக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்து, பூனையும் நலமாக இருக்குமென்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பா மட்டும் தேவைக்கு அதிகமாகவே சுகமாக இருக்கிறார்; அதன் காரணம் கீழே வரும்.

டீஜோனில் உங்களோடு தங்கிப் படிக்கட்டுமா என்று நீங்கள் பிப்ரவரியில் வந்திருந்தபோது கேட்டேன். நீங்கள் அம்மாவோடு போய்ச் சிலையைப் பார்த்துவிட்டு வந்து, "மொதல்ல உங்கப்பா சம்மதிக்கட்டும்" என்றீர்கள். அப்பா சம்மதித்துவிட்டார். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

நகரத் தோட்டத்தில் வைக்க 'குடும்பம்' என்றொரு பளிங்குச் சிலைக்காகச் சிற்பி முசியே தெவ்லோ எங்கள் மருந்துக்கடையின் பின்கொட்டகையில் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். அப்பா துணை மேயரல்லவா, எங்களையே மாதிரிகளாகக் கொடுத்தார்; ஞாயிறு பூசை முடிந்ததும் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்க நாங்கள் ஆடாமல் நிற்போம். அப்பா சட்டையைக் கழற்றி மண்வெட்டியோடு நின்றதும் சிற்பி அவர் வயிற்றை வெகுநேரம் பார்த்துவிட்டு, "தலை உங்களோடதாவே இருக்கட்டும் முசியே. ஒடம்புக்கு ரொட்டிக்கடை கிரிவோவ வரச் சொல்லுங்க" என்றார். தம்பி அஷீல் அலறியதால் அவனுக்குப் பதில் துணி சுற்றிய பெரிய ரொட்டி ஒன்றை அம்மா ஏந்தினார். அதுவும் கிரிவோ கடை ரொட்டி. ஆக எங்கள் குடும்பத்தில் பாதி கிரிவோ வீட்டுச் சரக்கு.

என் மடியில் புத்தகம் இருக்கட்டும் என்று கேட்டேன். "ஊரே பாக்குற எடத்துல புத்தகமா? நாளைக்கு எவன்டி உன்னக் கட்டிப்பான்? புறாவ வெச்சுக்கிட்டு லட்சணமா உக்காரு. பள்ளிக்கூடம் இந்த ஜூலையோட சரி. அப்புறம் கடையில மாத்திரை உருட்டு" என்றார் அப்பா. அம்மா காலுறை பின்னிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

பளிங்குக்கு முன்மாதிரியாகப் பிளாஸ்டரில் எங்களை வார்த்து, தனியாக வார்த்த புறாவை என் மடியில் ஓர் ஆணியில் செருகிவிட்டு, சிற்பி பாரிஸுக்குப் போய்விட்டார். பளிங்கை வெட்டுபவர் ஓர்சாத்தி என்ற இத்தாலியர். ஊசிக் கருவியால் பிளாஸ்டரில் ஓரிடத்தைத் தொடுவார், அதே ஆழத்துக்குப் பளிங்கில் துளைப்பார், அடுத்த இடத்துக்குப் போவார். முகமா மூக்கா என்றெல்லாம் யோசிக்கமாட்டார். மதியம் அவருக்கு சூப் கொண்டுபோவது அம்மா. போன வாரம் சிற்பி திரும்பிவந்து துணியை விலக்கினால், பளிங்கில் என் மடியில் விரித்த புத்தகம்! மார்ச்சில் தொலைந்த என் தாவரவியல் புத்தகமேதான், மடங்கிய ஓரம் உட்பட. பிளாஸ்டர் மடியிலும் அதுவே வெள்ளை பூசிக் கிடந்தது.

"எங்கய்யா என் புறா?"

"எந்தப் புறா? இருந்தத வெட்டினேன்."

"அட மடையா, புறாவா மாத்துய்யா!"

"புறாவுக்குத் தலை வேணுமே, கல்லு எங்க இருக்கு? வெட்டினத ஒட்டவா முடியும்? அந்த ஓர மடிப்ப வெட்ட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!"

"எல்லாம் இவ வேலை!" என்று அப்பா கத்தினார். புத்தகத்தைக் கொட்டகையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததாகத்தான் எனக்கு நினைவு. ஆனால் நான் படித்துக்கொண்டே நடந்து சுவரில் முட்டுகிறவள் என்பதால், அங்கேயே மறந்து வைத்திருப்பேன், தூசு படிந்திருக்கும் என்று எல்லோரும் தீர்மானித்தார்கள். நானும் ஏற்றுக்கொண்டேன்.

வியாழக்கிழமை மேயர் கல்வி ஆய்வாளரை அழைத்துவந்தார். சிலையைப் பார்த்ததும் ஆய்வாளர் தொப்பியையே கழற்றிவிட்டார். "மகளுக்குப் பளிங்குலயே புத்தகம் குடுத்திருக்கீங்களே! குடியரசுக்கு உங்கள மாதிரி அப்பாக்கள்தான் வேணும். அக்டோபர்ல பொண்ணு எங்க படிக்கப் போறா?"

அப்பா சிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தம்மிடம் இல்லாத கிரிவோவின் மார்பை நிமிர்த்தினார். "டீஜோன்ல. எங்கக்கா வீட்ல. ரொம்ப நாளாவே என் மனசுல இருக்கிற யோசனை."

இவ்வாறாக எல்லாம் தற்செயலாகவே நடந்தது. கடவுள் உங்கள் முழங்காலையும் பூனையையும் காக்கட்டும். அப்பா, அம்மா, அஷீல் முத்தங்களை அனுப்புகிறார்கள்.

உங்கள் பணிவுள்ள மருமகள்,
லெயோந்தின்

பி.கு.: டீஜோனுக்குப் படுக்கை விரிப்புகள் எடுக்க இப்போதுதான் துணி அலமாரியைத் திறந்தேன். அடித்தட்டில், லாவெண்டர் பைகளுக்கு நடுவே, அம்மாவின் ஏப்ரனில் சுற்றியபடி பிளாஸ்டர் புறா. பின்னால் வந்து நின்ற அம்மா, "விரிப்பு மேல் தட்டுல இருக்கு" என்றார். போகிற போக்கில், "அத்தைக்கு எழுதறியா? அவங்க சொன்ன மாதிரியே செஞ்சேன், நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொல்லு" என்றார். ஆகவே, அத்தை, மேலே உள்ளதை நீங்கள் படிக்க வேண்டியதில்லை.