கும்மிடிப்பூண்டிக் குறுமூலைப் போர்

இரும்புத்தூள் பூசிய திருமேனியும், ஊதி ஊதித் தேய்ந்த விசிலும், எதிர்க்காற்றிலும் கலையாத மீசையும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற பூவராகவப் பெருமானே, கும்மிடிப்பூண்டி உருக்காலை ஹாக்கிப் படையின் பயிற்சிக் கோமானே, உம் விசிலுக்கு வணக்கம்!

உலைக்களத்து நெருப்புக்கே அஞ்சாத அப்படை, ஷார்ட் கார்னர் என்னும் குறுமூலை வேள்விக்கு மட்டும் அஞ்சிற்று. கோட்டிலிருந்து ஒருவன் பந்தைத் தள்ள, வட்டத்தின் விளிம்பில் மற்றொருவன் அதை அந்நாளைய விதிப்படி கையால் நிறுத்த, மூன்றாமவன் அடிக்கவேண்டிய அவ்வேள்வியில் ஆண்டு முழுதும் ஒரு கோல்கூடப் பிறக்கவில்லை. மேலாளர் திருவாய் மலர்ந்தார்: "திருவள்ளூர் மேட்ச்லயாவது கார்னர்ல ஒரு கோல் உழணும். இல்ல, பழையபடி குடோன் சாவிய வாங்கிக்கினு போய்யா!"

குடோன்! காற்றும் கைதட்டலும் புகாத அப்பாதாளத்தை நினைந்து நடுங்கிய பூவராகவர், அருந்தவம் இயற்றி ஒரு மாயாஸ்திரம் கண்டார். பகைவர் பாய்ந்துவரும் கணத்தில் 'நைனா' என்றொரு குரல் எழும். பந்தை நிறுத்தும் முனுசாமி கையை எடுத்துவிடுவான். பந்து பின்னே பதுங்கி நிற்கும் கோபாலைச் சேரும். ஆந்திர எல்லையோரம் அப்பனும் நைனா, பிள்ளையும் நைனா, பஸ் கண்டக்டரும் நைனா; ஆகவே எவனும் சந்தேகப்படமாட்டான் என்பது அம்மதியூகியின் கணக்கு.

"யாரு சொன்னா சார் கைய எடுக்கணும்?" என்றான் முனுசாமி.

"யாரு சொன்னா இன்னாய்யா? காதுல உழுந்தா கை எழணும்! யோசிச்சிக்கினு நிக்காத!"

போர் மூண்டது. மட்டைகள் மின்னலென மோத, புழுதி கார்முகிலெனக் கவிய, முழங்கால்கள் முரசென அதிர, இரு படையும் கோலின்றி இளைத்துநின்ற இறுதிக் கணத்தில் உருக்காலைக்கு ஒரு கார்னர் கிட்டிற்று. பூவராகவர் விரலை உயர்த்தினார்: மாயம் வேண்டாம், நிறுத்தி நேரே அடி. கோபால் முனுசாமியின் அருகே வந்து மட்டையை ஓங்கினான். பந்து சீறிப் புறப்பட்டது. மலையைத் தாங்க வந்தவன்போல் குனிந்து முனுசாமி உள்ளங்கையை விரித்தான்.

எதிர்க் கோலைக் காத்துநின்ற தானியேல், சூது அறியாதவர், இளகிய மனத்தர், ஓங்கிய மட்டையையும் விரிந்த விரல்களையும் கண்டு பதறிக் கூவினார்:

"கை பத்திரம் நைனா!"

கை எழுந்தது. எழுந்த கைக்கும் இறங்கிய மட்டைக்கும் இடையே, இருவருக்கும் கப்பம் கட்டாத சிற்றரசனைப்போல் பந்து உருண்டோடி மறுபக்கக் கோட்டையும் கடந்தது. கடைசி விசில் ஒலித்தது.

"யோவ், கைய ஏன்யா எடுத்த?"

"நீங்கதான சார் யோசிக்காதன்னீங்க!"

திங்கட்கிழமை காலையில் பூவராகவன் குடோனைத் திறந்தார்.