தொண்ணூறுக்குக் கீழே இறங்காத பற்றரி

முதல் பிள்ளை பிறந்த வருடத்தில் ஒரு பெண்ணிடம் எதையும் சேமித்து வைக்கும் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது. திருப்பித் தரமாட்டாள். நான் தரவில்லை.

அப்போது மகள் கைக்குழந்தை. பக்கத்துப் பொலிதேயாமா சதுக்கம் வரை போய்வரவே மூன்று மாற்றுடுப்பு, போத்தலில் சுடுதண்ணீர், காய்ச்சல் மருந்து எல்லாம் கட்டிக்கொண்டு கிளம்புவேன். (மழைக்கோட்டும்தான். மழையே பெய்யாத ஓகஸ்ட் மாதத்தில்.) இந்த நிலையில்தான் சீசா என்ற பகுதியில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை கிடைத்தது. சந்தை வியாபாரிகளுக்கு மூன்று சக்கர மின்சார வண்டி செய்கிறார்கள். அதற்கு மின்சாரம் தர இரண்டு பேர்: ஐதரசனில் இயங்கும் எரிபொருள் கலம், துணைக்கு ஒரு பற்றரி. கலம் சீராகத் தரும், ஆனால் அவசரப்படாது. திடீரென்று பலம் வேண்டுமென்றால் பற்றரிதான் கைகொடுக்க வேண்டும். யார் எப்போது எவ்வளவு கொடுப்பது என்று கணினியில் விதி எழுதுவது என் வேலை.

நான் எழுதிய விதி: பற்றரி தொண்ணூறு வீதத்துக்குக் கீழே இறங்கவே கூடாது. வழியில் தீர்ந்துவிட்டால்? பட்டறை முற்றம் சமதரை. வெறும் வண்டி அழகாக ஓடியது. (என்னை நானே மெச்சிக்கொண்டேன். எனக்குப் பழக்கமில்லாத காரியம்.)

பல்லரோ சந்தையில் வெள்ளோட்டம் வைத்தார்கள். அது சரிவந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு என்று முதலாளி முதலிலேயே சொல்லிவிட்டார். மீன் விற்கும் அம்மா ஒருவர், எல்லோருக்கும் அவர் சிஞ்ஞோரா, ஐஸும் மீனுமாக ஏற்றிவிட்டு, தானே ஓட்டுவதாக ஏறி உட்கார்ந்தார். என் கணவரும் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பார்க்க வந்திருந்தார்.

சந்தை முடிகிற இடத்தில் ஒரு சின்ன ஏற்றம். பாதியில் வண்டி முனகியது. எரிபொருள் கலம் ஆறுதலாக, மெல்ல மெல்லப் பலத்தைக் கூட்டத் தொடங்கியது. பற்றரி வேடிக்கை பார்த்தது. வண்டி நின்றது, பிறகு பின்னுக்கு உருண்டது. சிஞ்ஞோரா பிரேக்கை மிதித்த மிதியில் பின்கதவு திறந்து, ஐஸும் மத்தி மீனும் தெருவெல்லாம்.

என் கணவர் எட்டி வண்டியின் திரையைப் பார்த்தார். "பற்றரி நிறையக் கிடக்கு. ஏனப்பா குடுக்குதில்லை?"

"அவசரத்துக்கு வச்சிருக்கிறன்."

அவர் தெருவைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், பின்னால் ஹோர்ன் அடிக்கிறவர்களைப் பார்த்தார். "இதைவிட என்ன அவசரமப்பா வரப்போகுது?"

சிஞ்ஞோரா இறங்கி இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார். "உள்ளே பலம் நிறைய, கேட்டால் மட்டும் வராது! இப்படி ஒன்று எனக்கு வீட்டிலேயே இருக்கிறது!" மீன் பொறுக்கிக்கொண்டிருந்த அவருடைய கணவர் நிமிரவே இல்லை.

"பற்றரி பழுதா?" என்று முதலாளி கேட்டார். ஓம் என்று தலையாட்டியிருக்கலாம். (ஆனால் பிறகு, அவசரத்துக்கென்று இன்னொரு பொய்யையும் சேமித்து வைக்க வேண்டியிருக்கும்.) "பற்றரி நல்லது. விதி பிழை. எழுதியது நான்," என்றேன்.

"அப்படியானால் திருத்து."

மீன்பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து, மடியில் கணினியை வைத்துத் திருத்தினேன். ஏற்றத்தில் பற்றரி தாராளமாகக் கொடுக்கலாம். சமதரையில் கலம் அதைத் திரும்ப நிரப்பட்டும். தொண்ணூறை அழிக்கும்போது, பிள்ளையை யாரோ தெரியாத ஆளிடம் தூக்கிக் கொடுப்பதுபோல் இருந்தது.

இரண்டாம் முறை வண்டி ஒரே மூச்சில் ஏறியது. உச்சியிலும் சிஞ்ஞோரா நிறுத்தவில்லை. கூவிக்கொண்டே மூலை திரும்பி மறைந்துவிட்டார். முதலாளி காத்திருந்து பார்த்துவிட்டு, "நாளைக்கு வா. அதற்குள் இதைவிடப் பெரிய ஏற்றம் ஒன்று தேடி வை," என்றார்.

வருடங்கள் போயும் வேலை இன்னும் இருக்கிறது. கணவரின் கேள்வியும் இருக்கிறது. வீட்டில் நான் எதை ஒளித்து வைத்தாலும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். போன கிழமை, பிறந்தநாளுக்கென்று அலுமாரியில் வைத்திருந்த புதுச் சட்டையை மகள் கண்டுபிடித்துவிட்டாள். இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அம்மா, இதைவிட என்ன எமெர்ஜென்சா வரப்போகுது?"

"அப்படி என்ன நடக்குது இண்டைக்கு?"

"கடைக்குப் பாண் வாங்கப் போறம்."

யோசித்தேன். (மழை பெய்தால்? ஐஸ்கிரீம் ஊத்துப்பட்டால்?) பிறகு கத்தரிக்கோலை எடுத்து விலைச்சீட்டை வெட்டினேன்.